பேத்தியின் ஹைலேண்ட் நடனப் போட்டிக்குக் கில்ட் தைப்பது: அளவெடுப்பதிலிருந்து மேடை வரை

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் நடனத்துக்கு அணியும் மடிப்புப் பாவாடைதான் கில்ட். தையல் நன்றாகத் தெரிந்தவர்களும் முதல் கில்ட்டில் தடுமாறுவார்கள். ஊசி வேலையில் அவர்கள் கைதேர்ந்தவர்கள்தான். சறுக்குவது கணக்கிலும் வரிசையிலும். கில்ட்டில் வெட்டும் வேலை மிகக் குறைவு. ஒரே நீளத் துணியை மடித்து, மடிப்புகளின் மேல்பாதியை மட்டும் தைத்து இறுக்குகிறோம். ஆகவே மடிப்புக்கு மடிப்பு விழும் 2 மில்லிமீட்டர் பிசகு, பதினேழாவது மடிப்பில் 3 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும்.

இந்த வழிகாட்டி 8, 9 வயதுச் சிறுமிக்கான கில்ட்டை எடுத்துக்கொள்கிறது. சட்டைக்கு மேல் போடும் கையில்லாத வெல்வெட் வெயிஸ்ட்கோட்டைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாக. காலுறையையும் கில்லீஸ் எனப்படும் மென்தோல் காலணியையும் வாங்கிவிடுங்கள். வீட்டில் செய்யப் பார்ப்பது வீண் வேலை.

1. துணிக்கடைக்கு முன் விதிப்புத்தகம்

போட்டி எந்த அமைப்பின் விதிப்படி நடக்கிறது என்று நடன ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். பல நாடுகளில் போட்டிகள் ராயல் ஸ்காட்டிஷ் அஃபிஷியல் போர்ட் ஆஃப் ஹைலேண்ட் டான்சிங் விதிகளின்படி நடக்கின்றன. வேறு அமைப்புகளும் உண்டு. உடை விதி ஒன்றுபோல் இருக்காது.

நிலையும் முக்கியம். பிரைமரி, பிகினர், நாவிஸ், இன்டர்மீடியட், பிரீமியர் என்று படிகள் உண்டு. தொடக்கப் படிகளில் உடை எளிமையாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கலாம். சரிகைப் பட்டி வைத்த வெல்வெட் ஜாக்கெட்டை ஆசையாகத் தைத்துவிட்டு, குழந்தையின் நிலைக்கு அது கூடாது என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

ஃபிளிங், வாள் நடனம், ஷான் ட்ரூஸ், ரீல் ஆகிய ஹைலேண்ட் நடனங்கள் எல்லாவற்றுக்கும் கில்ட்தான். செய்லர்ஸ் ஹார்ன்பைப்புக்கு மாலுமி உடை, ஐரிஷ் ஜிக்குக்குத் தனி உடை. அவற்றை இப்போது நினைக்க வேண்டாம். அதிக மேடை காண்பது கில்ட். முதலில் அதை முடியுங்கள்.

2. அளவெடுத்தல்

நான்கு அளவு போதும்: இடை, இடுப்பு, இடையிலிருந்து இடுப்பு வரை இறக்கம், இடையிலிருந்து முழங்கால் சில்லின் மேல்விளிம்பு வரை நீளம். இடுப்பு என்றால் பின்பக்கம் மிகவும் புடைத்திருக்கும் சுற்று.

மேடையில் உள்ளே போடப்போகும் சட்டையும் நடனக் கால்சட்டையும் அணிந்திருக்கும்போதே எடுங்கள். குழந்தை நேராகப் பார்த்து நிற்கட்டும். நீங்கள் குனிந்து டேப்பைப் பிடித்தால் அவளும் குனிந்து பார்ப்பாள், முன்நீளம் குறைந்துவிடும். வேறொருவரைப் பேச்சுக் கொடுக்கச் சொல்லிவிட்டு அளவெடுப்பது நல்லது.

கில்ட் எங்கே முடிய வேண்டும் என்பதில் ஆசிரியர் சொல்வதே கடைசி வார்த்தை. நீளமான கில்ட் முழங்காலை மறைக்கும், கால்வேலை நடுவர் கண்ணுக்குத் தெரியாது. மிகக் குட்டையானது குதிக்கும்போது அசிங்கமாகத் தூக்கும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஓர் எடுத்துக்காட்டு அளவையே பின்பற்றலாம்: இடை 58, இடுப்பு 68, இறக்கம் 14, நீளம் 42 சென்டிமீட்டர். கில்ட் இடைக்கு மேல் 3 சென்டிமீட்டர் ஏறி நிற்கும். ஆக முழு உயரம் 45.

3. துணி

பல நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டமிடும் ஸ்காட்லாந்துத் துணிக்கு டார்ட்டன் என்று பெயர். நடனக் கில்ட்டுக்குப் பெரும்பாலும் வெள்ளை அடித்தளம் உள்ள டிரெஸ் டார்ட்டன்தான் எடுப்பார்கள். தூய கம்பளி, கெஜத்துக்கு 10 அல்லது 11 அவுன்ஸ் எடை. ஆண்களின் 16 அவுன்ஸ் துணியைச் சிறுமியின் இடுப்பில் ஏற்றினால் அவள் குதிப்பது பாதி, கில்ட் இழுப்பது பாதி. பாலியஸ்டர் கலந்த மெல்லிய துணி மலிவு. ஆனால் மடிப்பு நிற்காது, மேலே பறந்த துணி தன் இடத்துக்குத் திரும்பவும் விழாது. ஃபிளிங் நின்ற இடத்திலேயே ஆடும் நடனம். ஒவ்வொரு குதிப்பிலும் மடிப்பு எழுந்து அடுத்த தாளத்துக்குள் அடங்கியாக வேண்டும். கம்பளி அதைச் செய்யும்.

கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, கரை. கில்ட்டுக்குக் கீழ்மடிப்புத் தையல் கிடையாது. துணியின் நெய்த கரையே கீழ்விளிம்பு. அதனால் கரை சுத்தமாக, தடிப்பில்லாமல், குஞ்சமில்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, செட். டார்ட்டன் கோடுகள் ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் தூரத்துக்குச் செட் என்று பெயர். எத்தனை மீட்டர் வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது குழந்தையின் அளவைவிட இதுதான்.

மூன்றாவது, இரண்டு பக்கக் கரையும் ஒரே கோட்டில் முடிகிறதா? 150 சென்டிமீட்டர் அகலத் துணியை நடுவில் இரண்டாகப் பிரித்து, இரண்டு பட்டைகளையும் நீளவாக்கில் இணைக்கப்போகிறோம். ஒரு கரை பச்சைக் கோட்டிலும் மற்றது வெள்ளையிலும் முடிந்தால், இணைப்பைத் தாண்டியதும் குறுக்குக் கோடுகள் எல்லாம் ஒரு படி ஏறியோ இறங்கியோ நிற்கும்.

4. மடிப்புக் கணக்கு

கில்ட்டின் முன்பக்கம் தட்டையானது: மேல் ஏப்ரன், அதன் அடியில் உள் ஏப்ரன். பின்பக்கம் முழுக்க மடிப்பு. சிறுமியின் உடலுக்குச் சுற்றளவைச் சரிபாதியாகப் பிரித்தால் போதும். இடுப்பில் முன் 34, பின் 34. இடையில் முன் 29, பின் 29.

ஒரு மடிப்பு வெளியே தெரியும் அகலம் 2 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பின்பக்கம் 34, ஆகவே 17 மடிப்பு. இடையில் 29ஐ 17ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 1.7. அதாவது ஒவ்வொரு மடிப்பும் இடுப்பிலிருந்து இடைக்குப் போவதற்குள் 3 மில்லிமீட்டர் ஒடுங்க வேண்டும்.

இனி துணி. மடிப்பில் இரண்டு முறை உண்டு. எல்லா மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வருவது கோட்டு மடிப்பு. மடித்த பிறகும் பின்பக்கத்தில் டார்ட்டன் கட்டங்கள் அறுபடாமல் தெரிவது செட் மடிப்பு.

செட் 14 சென்டிமீட்டர் என்றால், கோட்டு மடிப்பில் ஒவ்வொரு மடிப்பும் சரியாக ஒரு செட்டை விழுங்கும். 17 × 14 = 238 சென்டிமீட்டர். வெளியே 2, உள்ளே 12, மடிப்பின் ஆழம் 6.

செட் மடிப்புக்கும் இதே 238 போதும் என்று நினைப்பதுதான் மிகப் பரவலான பிழை. அடுத்த மடிப்பு, முந்தைய மடிப்பு விட்ட இடத்திலிருந்து கட்டத்தைத் தொடர வேண்டும். ஆகவே ஒரு செட்டோடு இன்னும் 2 சென்டிமீட்டர் நகர வேண்டியிருக்கும். 17 × 16 = 272. இந்த 34 சென்டிமீட்டரை மறந்தவர்களுக்கு உள் ஏப்ரன் பாதியில் நின்றுவிடும். அது தெரிய வரும்போது பின்பக்கம் முழுவதும் தைத்தாகியிருக்கும்.

முதல் கில்ட்டுக்குக் கோட்டு மடிப்பே நல்லது. அடையாளமிடுவது எளிது, துணியும் குறைவு. நிற்கும்போது ஒரு நிறம், சுழலும்போது உள்ளிருந்து மற்ற நிறங்கள் என்று மேடையிலும் அழகாகவே இருக்கும்.

முன்பக்கத்துக்கு: மேல் ஏப்ரன் 34, அதன் வெளிவிளிம்பை உள்ளே மடிக்க 6, இடப்பக்கம் ஏப்ரனும் பின்மடிப்பும் சேரும் இடத்தில் ஆழமான உள்மடிப்புக்கு 14. உள் ஏப்ரனுக்கும் இதே 54. ஆக 108. கோட்டு மடிப்பில் மொத்தம் 238 + 108 = 346. இணைப்பில் கோடு பொருந்த ஒரு செட் வரை வீணாகும், தையலுக்கு 4 விடுங்கள்: 364. இரட்டை அகலத் துணியில் இது 1.82 மீட்டர், 2 மீட்டராக வாங்குங்கள். செட் மடிப்பென்றால் 398 ஆகும், 2.2 மீட்டர் வேண்டும்.

செட் மிகச் சிறியதாக, 8 அல்லது 9 சென்டிமீட்டராக இருந்தால் மடிப்பின் ஆழம் 3.5க்கு மேல் வராது, கில்ட் ஆடாது. அப்போது மடிப்புக்கு இரண்டு செட் எடுத்துக்கொண்டு கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

5. பிரித்து இணைத்தல்

துணியை நீளவாக்கில் நடுவே பிரியுங்கள். ஓர் இழையை உருவி, அந்தத் தடத்தில் வெட்டினால் கோணாது. ஒவ்வொரு பட்டைக்கும் 75 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். தேவை 45 தான். மேலே 6 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு 51இல் வெட்டுங்கள். அந்த 6 எதற்கு என்று 10ஆம் பகுதியில் வரும். மீந்த 24 சென்டிமீட்டர்த் துண்டு இடைப்பட்டைக்கும் குஞ்சத்துக்கும் ஆகும்.

இப்போது இரண்டு பட்டைக்கும் கரை கீழே வர வேண்டும். அதற்கு ஒன்றை மேசைமேலேயே அரைச்சுற்று திருப்புங்கள். புரட்டிப் போடக் கூடாது. புரட்டினால் ட்வில் நெசவின் சாய்கோடு எதிர்ப்பக்கம் சாயும். வீட்டு விளக்கில் அது தெரியாது, வெயிலில் இரண்டு வேறு துணிபோலத் தெரியும். கோடுகள் இருபுறமும் சமச்சீராக இல்லாத டார்ட்டனில் அரைச்சுற்று திருப்பினாலும் பொருந்தாது. அத்தகைய துணிக்கு ஒரே பட்டையாக 4 மீட்டர் வாங்க வேண்டியதுதான்.

இணைப்பு ஒரு மடிப்பின் உள்ளாழத்தில் விழும்படி பாருங்கள். ஆகவே முதலில் மடிப்புகளைக் குறித்துவிட்டு, இரண்டாம் பட்டை எங்கே தொடங்கும் என்று முடிவு செய்யுங்கள்.

6. அடையாளமிடுதல்

துணியை நல்ல பக்கம் மேலாக, கரை உங்களை நோக்கி இருக்கும்படி விரியுங்கள். இடது கோடியில் மேல் ஏப்ரன், நடுவில் மடிப்புகள், வலது கோடியில் உள் ஏப்ரன். அணிந்தபின் ஏப்ரனின் திறந்த விளிம்பு குழந்தையின் வலப்பக்கம் வரும்.

ஏப்ரனின் நடுவில் டார்ட்டனின் பெரிய கோடு ஒன்று நிற்க வேண்டும். நடுவர் உட்கார்ந்திருப்பது எதிரில். நடுக்கோடு ஒதுங்கினால் நேராக ஆடும் குழந்தையும் கோணலாகத் தெரிவாள். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 17 அளந்து குறியுங்கள்.

மடிப்புகளை டேப் வைத்துக் குறிக்காதீர்கள். கோட்டைப் பார்த்துக் குறியுங்கள். நெசவில் செட் ஒன்றுக்கு ஒன்று ஓரிரு மில்லிமீட்டர் வேறுபடும். கண்ணுக்குத் தெரியப்போவது கோடுதான், டேப் அல்ல. வெள்ளைத் துணியில் நிறச் சாக் வேண்டவே வேண்டாம். கம்பளியில் சிவப்பும் நீலமும் முழுதாகப் போகாது. நூலால் குறியிடுவது நேரம் எடுக்கும், ஆனால் நிம்மதி.

7. ஃபெல் தைத்தல்

இடையிலிருந்து இடுப்பு வரை மடிப்புகள் தைத்து இறுகியிருக்கும் பகுதிக்கு ஃபெல் என்று பெயர். நமக்கு அது 14 சென்டிமீட்டர். அதற்குக் கீழே மடிப்பு விடுதலையாகத் தொங்கும். ஃபெல் குட்டையானால் இடுப்புக்கு மேலேயே மடிப்பு விரிந்து குடைபோல் நிற்கும். நீளமானால் தொடையைப் பிடிக்கும்.

இதைக் கையால் தையுங்கள். மெஷினில் மேல்துணி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்துகொண்டே போகும். 14 சென்டிமீட்டர் முடிவதற்குள் குறுக்குக்கோடு தவறிவிடும்.

ஒரு மடிப்பைத் தைக்கும் விதம் இது. மடித்த விளிம்பை முந்தைய மடிப்பின்மேல் வையுங்கள். இடுப்பில் 2.0, இடையில் 1.7 தெரிய வேண்டும். குறுக்குக்கோடு வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மெல்லிய ஊசியை மேல்மடிப்பின் கோட்டில் குத்தி, கீழ்மடிப்பின் அதே கோட்டில் வெளியே எடுத்து நிறுத்துங்கள். எல்லாக் கோடும் ஊசியில் நின்ற பிறகே நூலைத் தொடுங்கள். கீழிருந்து மேலாக, மடிப்பின் ஓரத்தில் ஓரிரு இழையை மட்டும் பிடித்து, சென்டிமீட்டருக்கு நான்கைந்து தையல். ஃபெல்லின் அடியில் மூன்று முறை ஒரே இடத்தில் குத்தி இறுக்குங்கள். குதிக்கும்போது முதலில் பிரிவது அந்த முனை.

வெள்ளை நூல் கறுப்புக் கோட்டின்மேல் எறும்பு வரிசை மாதிரி தெரியும். இரண்டு ஊசியில் இரண்டு நிறம் கோத்துக்கொண்டு, கோடு மாறும்போது ஊசியை மாற்றுங்கள்.

ஐந்து மடிப்புக்கு ஒருமுறை டேப் வையுங்கள். இடுப்பில் 10, இடையில் 8.5 இருக்க வேண்டும். கூடியிருந்தால் அங்கேயே பிரியுங்கள். அடுத்த மடிப்புகளில் சரிக்கட்டிவிடலாம் என்று விட்டால் பின்பக்கத்தில் அகலமும் ஒடுக்கமுமாக மடிப்புகள் நிற்கும். குழந்தை முதுகைக் காட்டும்போது எல்லாரும் பார்ப்பது அதைத்தான்.

8. உள்ளே தாங்குதல், மடிப்பைப் படியவைத்தல்

மடிப்புகளின் எடை முழுவதையும் ஃபெல்லின் மெல்லிய தையல் தாங்காது. உட்பக்கத்தில், ஃபெல் முடிவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, மடிப்புகளைக் கோத்தபடி குறுக்காக ஓர் ஓட்டுத் தையல் போடுங்கள். இடைக்கு அருகே இன்னொன்று. வெளித்துணியில் ஊசி ஏறக் கூடாது. இதை விட்டுவிட்டால் சில மாதங்களில் பின்பக்கம் நடுவில் தொய்யும்.

பெரியவர்களின் கில்ட்டில், ஃபெல்லுக்கு உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் துணியை வெட்டி எடுத்துத் தடிப்பைக் குறைப்பார்கள். குழந்தையின் கில்ட்டில் வெட்டாதீர்கள். வெட்டிய துணி வளர்ச்சிக்கு உதவாது, கில்ட்டைக் கைமாற்றி விற்கும்போதும் விலை இறங்கும்.

அடுத்து, மடிப்புகளைக் கீழே கரை வரை பெரிய ஓட்டுத் தையலால் மூன்று வரிசை பிடித்துக்கொண்டு இஸ்திரி போடுங்கள். ஈரப் பருத்தித் துணி மேலே இருக்கட்டும். பெட்டியை இழுக்காமல் வைத்து, எடுத்து, வைத்து அழுத்துங்கள். இழுத்தால் கரை அலைபோல் நெளியும். வெள்ளைக் கம்பளி பொசுங்கினால் மஞ்சள்தான், திரும்பாது. முழுதாக ஆறிக் காய்ந்த பிறகே ஓட்டுத் தையலைப் பிரிக்கலாம். சூட்டோடு பிரித்தால் மடிப்பு மறந்துவிடும்.

9. ஏப்ரன், கேன்வாஸ், வார்கள்

மேல் ஏப்ரனின் வலவிளிம்பில் குஞ்சம். மீந்த துண்டிலிருந்து ஒரு பட்டி வெட்டி, ஊசியால் இழைகளை உருவி 2 சென்டிமீட்டர் குஞ்சமாக்கி, விளிம்பு மடிப்புக்குள் செருகித் தையுங்கள்.

உள் ஏப்ரனின் கீழ்மூலையை அரை சென்டிமீட்டர் உயர்த்தி அமையுங்கள். நேராக வைத்தால், ஆடும்போது அது மேல் ஏப்ரனுக்குக் கீழே எட்டிப் பார்க்கும்.

இடையிலிருந்து ஃபெல் முடிவு வரை உட்பக்கம் முழுவதும் கேன்வாஸ் என்ற விறைப்புத் துணி. அதை முன்கூட்டியே வெந்நீரில் நனைத்துக் காயவையுங்கள். பிறகு சுருங்கினால் கில்ட்டையும் சேர்த்துச் சுருக்கும். பக்கிள்களையும் வார்களையும் கேன்வாஸோடு சேர்த்தே தையுங்கள். டார்ட்டனில் மட்டும் தைத்தால் இழை பிய்ந்து ஓட்டை விழும்.

வார்கள் மூன்று: மேல் ஏப்ரனில் வலப்பக்கம் மேலே ஒன்று, இடுப்பருகே ஒன்று, உள் ஏப்ரனிலிருந்து இடப்பக்கம் வெளியே வந்து மாட்ட ஒன்று. இந்த மூன்றாவது வார் நுழைய, இடப்பக்கம் ஏப்ரன் சேரும் தையலில் 3 சென்டிமீட்டர் திறப்பு விட வேண்டும். லைனிங் போட்டு முடித்த பிறகுதான் பலருக்கு அது நினைவுக்கு வரும்.

கில்ட் பின் எனப்படும் அலங்கார ஊசியை மேல் ஏப்ரனில் மட்டும் குத்துங்கள். இரண்டு ஏப்ரனையும் சேர்த்துக் குத்தினால் முதல் தாவலில் துணி கிழியும்.

கடைசியாக இடைப்பட்டையும் பருத்தி லைனிங்கும். லைனிங் ஃபெல்லைத் தாண்டி இறங்கக் கூடாது.

10. வளர்வதற்கு இடம்

மேலே விட்ட 6 சென்டிமீட்டரைக் கேன்வாஸுக்கும் லைனிங்குக்கும் நடுவே மடித்து வையுங்கள், வெட்டாமல். உயரம் கூடியதும் இடைப்பட்டை, லைனிங், கேன்வாஸ் மூன்றையும் பிரித்து, துணியை 3 சென்டிமீட்டர் கீழிறக்கி, ஃபெல் தையல்களைப் புதிய இடை வரை மேலே நீட்டுங்கள். ஃபெல்லின் அடியும் 3 சென்டிமீட்டர் இறங்கும். பிள்ளையின் இடுப்பும் அதற்குள் இறங்கியிருக்கும். கீழ்க்கரையைத் தொட வேண்டியதில்லை.

சுற்றளவுக்கு முதலில் பக்கிளை நகர்த்துங்கள், 3, 4 சென்டிமீட்டர் கிடைக்கும். அது போதாதபோது ஃபெல்லின் ஒடுக்கத்தைத் தளர்த்துங்கள். இடையில் மடிப்புக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டாலே 1.7 சென்டிமீட்டர் கூடும். ‘வளர்ந்து சரியாகிவிடும்’ என்று முதலிலேயே தளர்வாகத் தைப்பது மட்டும் வேண்டாம். தளர்ந்த கில்ட் ஆட ஆடச் சுழன்று, நடுக்கோடு பக்கவாட்டுக்குப் போய்விடும்.

11. வெயிஸ்ட்கோட்

வெல்வெட்டைத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கும், மறுதிசையில் எதிர்க்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். இல்லையென்றால் வலமார்பு கறுப்பு, இடமார்பு சாம்பல். மெஷினுக்கு முன் கையால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுங்கள், வெல்வெட் ஊர்ந்துகொண்டே போகும். நல்ல பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. தடித்த துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் ஆவி மட்டும் காட்டுங்கள்.

வெயிஸ்ட்கோட்டைக் கைகளைத் தொங்கவிட்டுப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. இந்த நடனத்தில் கைகள் தலைக்கு மேல் நிற்கும். அப்போது கீழ்விளிம்பு ஏறி, கில்ட்டின் இடைப்பட்டையும் சட்டையும் தெரிந்தால் வெட்டு தவறு. கைத்துளையை அக்குளுக்கு நெருக்கமாக உயர்த்தி வெட்டுங்கள். முழுக்கை ஜாக்கெட் என்றால் அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்தாக வேண்டும்.

12. போட்டிக்கு முன்

எல்லாவற்றையும் மாட்டி, காலணியோடு ஒரு முழு ஃபிளிங் ஆடச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று: நடுக்கோடு இருந்த இடத்தில் இருக்கிறதா, உள் ஏப்ரன் எட்டிப் பார்க்கிறதா, கைகளை உயர்த்தும்போது இடை தெரிகிறதா.

பயணத்துக்கு மடிப்புகளைக் கீழே ஒரு வரிசை ஓட்டுத் தையலால் பிடித்து, நீளவாக்கில் சுருட்டி, நைலான் காலுறையின் ஒரு காலுக்குள் தள்ளிவிடுங்கள். கசங்காது. ஸ்காட்லாந்தின் கோடைக்காலப் போட்டிகள், டனூனில் ஆகஸ்ட் கடைசியில் கூடும் கௌவல் ஹைலேண்ட் கேதரிங் உட்பட, திறந்த மைதானத்தில் நடப்பவை. நனைந்த கில்ட்டை ஹீட்டர்மேல் போடாமல், மடிப்புகளை விரலால் நேராக்கித் துண்டின்மேல் படுக்கவையுங்கள். ஊசி, இரண்டு நிற நூல், சிறு கத்தரிக்கோல் பையில் இருக்கட்டும். ஓட்டுத் தையலைப் பிரிக்கும் வேலை மேடைக்கு ஏறுவதற்குச் சற்றுமுன்தான் வரும்.